பெயர் சொல்லிச் செபியுங்கள்: வன்னிப் பங்குகளின் குருக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சுவாமிமாருக்கு,

தோத்திரம்.

கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. வவுனியாவும் மன்னார்ப் பெருநிலப்பரப்பும் மன்னார் மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. எல்லை எங்கே விழுந்தாலும் ஞாயிறு பூசைக்கு வருகிற சனம் ஒரே சனம். அதனால் இரண்டு மறைமாவட்டத்துக் குருக்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன் போதகர்மாரின் கையில் கிடைத்தால் அவர்களும் தங்களுக்கென்றே எடுத்துக்கொள்ளட்டும். நான் கரையோரப் பங்கொன்றில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள். 2009 மே மாதம், போரின் கடைசி நாள்களில், வட்டுவாகல் பாலத்தால் நடந்து வெளியே வந்தவர்களில் ஒருத்தி.

கேட்க வந்தது ஒன்றுதான். காணாமல் ஆக்கப்பட்ட எங்கள் ஆட்களின் பெயர்களைத் திருப்பலியில் வாசியுங்கள். "காணாமல் போனோருக்காக மன்றாடுவோம்" என்று ஒரு வரியில் கடந்துபோகாதீர்கள். அவரவர் பெயரை, வயதை, ஊரைச் சொல்லி வாசியுங்கள். அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதை அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இது திருச்சபையிடம் கேட்கவேண்டியது. இந்த ஒரு காரியத்துக்கு ஏன் இவ்வளவு நீளமான மடல் என்றால், எங்கள் சனத்தின் விசுவாசம் இப்போது எந்த இடத்தில் நோகிறது என்பதைச் சொல்லாமல் இதைக் கேட்க முடியாது.

எங்கள் சனம் நம்பி நம்பிக் களைத்துவிட்டது. 2013 செப்டெம்பரில் வடமாகாண சபைத் தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து நாலு வருடத்தில் இப்படியொரு வாக்கு! அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு அடுத்த தேர்தலுக்கென்று காத்திருந்ததுதான் மிச்சம். 2015 ஜனவரி 8இல் ஆட்சி மாறியது. ஆறாம் நாள், ஜனவரி 14இல், திருத்தந்தை பிரான்சிஸ் மடு மாதா திருத்தலத்துக்கு வந்தார். அன்று அந்தக் காட்டுக்குள் கூடிநின்ற சனத்துக்கு ஆட்சி மாற்றமும் திருத்தந்தையின் வருகையும் கடவுள் ஒரே கையால் தந்த கொடையாகவே தெரிந்தன. அதே வருடம் ஒக்டோபரில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், போர்க்காலப் பொறுப்புக்கூறலைக் கேட்ட 30/1 தீர்மானம், இலங்கையே இணை அனுசரணை வழங்கி. 2016இல் காணாமல் போனோர் அலுவலகச் சட்டம். அதற்கு ஆணையாளர்களை நியமிக்க 2018 ஆகிவிட்டது. 2016க்குள் தீர்வு என்று எங்கள் தலைவர்கள் மேடையில் சொன்னார்கள். அரசியலமைப்பு வரைபு வந்த வழியிலேயே நின்றது. 2020 பெப்ரவரியில் ஜெனீவா இணை அனுசரணையிலிருந்து இலங்கை விலகிக்கொண்டது. தமிழ்க் கட்சிகளோ ஒன்றை ஒன்று பிய்த்துக்கொண்டு, கட்சித் தலைவர் தெரிவைக்கூட நீதிமன்றப் படியேற்றின. 2024 நவம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் இரண்டைத் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்தது. அந்த வாக்கில் பாதி எங்கள் கட்சிகள் மீதான கோபம் என்பது வீடுகளுக்குப் போய்க் கதைக்கிற எவருக்கும் தெரியும்.

இதெல்லாம் பத்திரிகையில் வருகிற விசயம், சுவாமிமார் நீங்களும் வாசித்திருப்பீர்கள். பத்திரிகையில் வராதது பங்குக்குள் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அரசியல் பொய்க்கும்போது, அதோடு சேர்த்துக் கடவுள்மீது வைத்த நம்பிக்கையிலும் ஒரு துண்டு உடைந்து விழுகிறது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டோம். இளம் பிள்ளைகள் பாஸ்போட் எடுக்க நிற்கிறார்கள். நிற்கட்டும், பிழைக்க வழி தேடுவது பாவமில்லை. ஆனால் "இந்த மண்ணில கடவுளுக்கே வேலையில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னும் சிலர் விசா கிடைக்கும், கடன் தீரும், வருத்தம் மாறும் என்று சொல்லிக் கைதட்டிப் பாடுகிற செபக் கூட்டங்களுக்குப் போகிறார்கள். அங்கே முள்ளிவாய்க்கால் என்ற பெயரே வராது. ஆலயத்தில் மிஞ்சியிருக்கிறவர்கள் செபமாலையை விடவில்லை. ஆனால் பிரசங்கத்தில் நீதி என்ற சொல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேட்டுச் சலித்த சொல்.

சுவாமிமாரே, மரியாதையோடு சொல்கிறேன், பிரசங்கங்களும் மாறிவிட்டன. முன்பு பீடத்திலிருந்து எங்கள் சனத்தின் பாடுகளைக் கேட்டோம். இப்போது பொறுமை, மன்னிப்பு, குடும்ப செபம் என்று கேட்கிறோம். அவை நல்லவைதான். ஆனால் ஏன் அவை மட்டும்?

என் வகுப்பில் எல்லாரும் 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். தவக்காலத்தில் ஒரு நாள் செபமாலையைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்: "ரீச்சர், அம்மம்மா பங்கருக்குள்ள ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னவவாம். மாமா வரேல்லத்தானே?" பின்வாங்கில் ஒரு பிள்ளை சிரித்தது. அவன் பகிடி விடவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஓமப்பு, வரேல்ல" என்றேன். பிறகு எல்லாரையும் திருப்பாடல் 88ஐ எடுக்கச் சொல்லி வாசித்தோம். மற்ற அழுகைப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் புகழ்ச்சியில் போய் முடியும். இது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் வெட்டி எறியாமல் திருச்சபை இவ்வளவு காலமும் செப நூலில் வைத்திருக்கிறது, கடவுள் முன்னால் இப்படியும் பேசலாம் என்று அவர்களுக்குச் சொன்னேன். பொடியன் வீட்டுக்குப் போய் அம்மம்மாவுக்கும் அதை வாசித்துக் காட்டினானாம். அடுத்த கிழமை அந்த அம்மா என்னைத் தேடி வந்து, "எங்கட கதை பைபிளில இருக்கெண்டு இவ்வளவு நாளும் ஒருதரும் சொல்லேல்லையே பிள்ளை" என்றா. உங்களுக்கு எழுதவேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது.

இயேசு கொல்லப்பட்ட பிறகு எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடரையும் எடுங்கள். உயிர்ப்புக் காலத்தில் வருடா வருடம் நீங்கள் வாசிக்கிற நற்செய்தி. இவர்தான் இஸ்ரயேலை மீட்கப்போகிறார் என்று எதிர்பார்த்திருந்தோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். உரோமை ஆட்சிக்குள் இருந்த ஒரு சனத்தின் வாயிலிருந்து வந்த பேச்சு அது, முழுக்க முழுக்க அரசியல் ஏமாற்றம். இயேசு முதலில் என்ன செய்கிறார்? வழியில் என்ன கதைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். தலைமைக் குருக்கள் எப்படிக் காட்டிக்கொடுத்தார்கள், எப்படிக் கொன்றார்கள், இன்றைக்கு மூன்றாம் நாள், பெண்கள் வந்து என்ன சொன்னார்கள் என்று அவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடிக்கும்வரை கூடவே நடக்கிறார். கடிந்துகொள்வதும் மறைநூலை விளக்குவதும் அதற்குப் பிறகுதான். எங்கள் பங்குகளில் விளக்கம் முந்திவிடுகிறது, கேட்பது நடப்பதேயில்லை.

அந்த உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாளும் பிலாத்துதான் ஆளுநர், கயபாதான் தலைமைக் குரு. எருசலேமில் ஒரு காவலரண்கூட நகரவில்லை. விண்ணேற்றத்துக்குச் சற்றுமுன்னும் திருத்தூதர்கள் இஸ்ரயேலுக்கு ஆட்சியை இப்போதா திருப்பித் தரப்போகிறீர் என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்குத் திகதி கிடைக்கவில்லை, சாட்சிகளாய் இருங்கள் என்ற கட்டளை கிடைத்தது. ஆட்சி எதுவும் மாறாத ஒரு திங்கட்கிழமையில் தொடங்கியதுதான் எங்கள் நம்பிக்கை. இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினால் அடுத்த தேர்தல் முடிவு வரும் இரவில் அவர்களுடைய விசுவாசம் தோற்காது. அரசியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாக்குப் போடவேண்டும், கேட்கவேண்டும், தெருவில் நிற்கவேண்டும். கடவுளை மட்டும் எந்தக் கட்சியின் வாக்குறுதிக்கும் பிணை வைக்கக்கூடாது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருநாள் காலத்தில் வேட்பாளர்களுக்கு முன்வரிசைக் கதிரை போடுவதை நிறுத்துங்கள். எரேமியா இறைவாக்கினர் காலத்தில் அனனியா என்றொருவர் ஆலயத்தில், எல்லாருக்கும் முன்னால், இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகம் முறியும் என்று சொன்னார். எரேமியா ஆமென், அப்படியே ஆகட்டும் என்றார். அவருக்கும் ஆசை இல்லாமலா? ஆனால் அது பொய்யான ஆறுதல் என்று பிறகு முகத்துக்கு நேரே சொன்னார். சனத்தைப் பொய்யை நம்பச் செய்துவிட்டாய் என்பதுதான் குற்றச்சாட்டு. எங்களுக்கு இரண்டாண்டுக் கணக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்! அந்தக் கணக்குச் சொல்கிற இடமாக ஆலய முற்றம் இருக்கவேண்டாம்.

வன்னியின் விசுவாசம் ஆட்சியின் தயவில் வளர்ந்ததில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கர் மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். அதுதான் மடு. ஓடிவந்த அகதிகள் வைத்த கோயில். குருக்களே இல்லாமல் கிடந்த அந்தச் சனத்தைத் தேடிப் புனித யோசேப்பு வாஸ் என்ற குரு 1687இல் பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1999 நவம்பரில் அதே மடுவில் தஞ்சமிருந்தவர்கள்மீது ஷெல் விழுந்து பலர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சுருவம் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது, ஓகஸ்டில் திரும்பியது. எங்கள் மாதாவே இடம்பெயர்வுப் பதிவுள்ளவர். ஆடித் திருநாளுக்கும் ஆவணித் திருநாளுக்கும் மடுவில் கொட்டில் அடித்துத் தங்குகிற பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கச்சான் கடையும் விளையாட்டுச் சாமான் கடையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

இரணைதீவுச் சனத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1992இல் தீவை விட்டு வந்து இரணைமாதா நகரில் இருந்தவர்கள். போர் முடிந்தபிறகும் கடற்படை விடவில்லை. 2017 மே 1ஆம் திகதி தெருவோரத்தில் கொட்டில் போட்டுப் போராட்டம் இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23இல் படகுகளில் ஏறி, வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நேராகத் தீவுக்கே போய் இறங்கிக் கோயிலடியில் தங்கிவிட்டார்கள். எந்தத் தேர்தலும் அவர்களைக் கொண்டுபோய் இறக்கவில்லை. அங்கே இன்னும் குறைகள் உண்டு, எல்லாம் முடிந்த கதை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம்பிக்கை என்றால் என்ன என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் அந்தப் படகுகளைத்தான் சொல்வேன்.

இனி அம்மாமாரிடம் வருகிறேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். அடுத்தடுத்து வவுனியா, முல்லைத்தீவு. சைவத் தாய்மாரும் எங்கள் தாய்மாரும் ஒரே பாயில் இருந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடியே வயதாகி, வருத்தம் வந்து, பதில் தெரியாமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

சாமுவேல் இரண்டாம் நூல் 21ஆம் அதிகாரத்தில் ரிஸ்பா என்றொரு தாய் இருக்கிறாள். ஞாயிறு வாசகங்களில் அவள் வருவதில்லை, நீங்களாக எடுத்தால்தான் உண்டு. சவுலின் வைப்பாட்டி. அரசியல் கணக்குத் தீர்ப்பதற்காக அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் இன்னும் ஐந்து பேரையும் தாவீது கையளிக்கிறார். மலையில் தூக்கிவிடுகிறார்கள். அடக்கம் செய்யவும் இல்லை. அவள் சாக்குத்துணியைப் பாறையில் விரித்து, அறுவடை தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் விலங்கும் உடல்களை அண்டாமல் காத்துக் கிடக்கிறாள். அந்த அதிகாரம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசுவதாக இல்லை. கடைசியில் செய்தி அரசனுக்கு எட்டுகிறது. தாவீது போய் சவுல், யோனத்தான் எலும்புகளை எடுப்பித்து, தூக்கப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து எடுப்பிக்கிறார். முறையான அடக்கம் நடந்த பிறகே நாட்டுக்கான மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்று அந்தப் பகுதி முடிகிறது.

2023 யூன் மாதம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் புதைக்கக் கிடங்கு வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அந்தச் செய்தியை வாசித்த ஒவ்வொரு தாயும் உடுப்பின் நிறத்தைத்தான் முதலில் தேடினாள். எலும்புகள் அடக்கமாகும்வரை நாட்டுக்கான மன்றாட்டுக் கேட்கப்படுவதில்லை என்று மறைநூல் சொன்னால், அபிவிருத்தி, நல்லிணக்கம், தேசிய ஒற்றுமை என்று நாங்கள் செய்கிற மன்றாட்டுகள் எங்கே நிற்கின்றன? இதைப் பீடத்திலிருந்து சொல்லவேண்டியவர்கள் நீங்கள்.

இப்போது பூசைக் கருத்துக் கொப்பி. பங்குமனையில் இருக்கிறதே, அந்த நீளக் கொப்பி. நன்றிக்கு ஒரு பக்கம், வேண்டுதலுக்கு ஒரு பக்கம், மரித்தோருக்கு ஒரு பக்கம். எங்கள் பங்கில் ஒரு தாய், மகனுடைய பிறந்தநாளுக்கு வருடா வருடம் வந்து பூசை கொடுக்கிறவ. கொப்பி எழுதுகிறவர் புதியவர், பெயரைக் கேட்டுவிட்டு மரித்தோர் பக்கத்தைத் திருப்பினார். அந்த அம்மா கையை நீட்டி அந்தப் பக்கத்தைப் பொத்திக்கொண்டா. "அதில எழுதாதேங்கோ தம்பி. ஆத்துமாவுக்கெண்டு எழுதினா நானே அவனைச் சாக்காட்டினதாப் போயிடும்." அப்ப வேண்டுதலில் எழுதவா என்று கேட்டார். அதற்கும் அவவுக்கு மனம் ஒப்பவில்லை. சுகமாய் இருக்கிறான் என்று எழுதினால் அதுவும் பொய்யாய்ப் போய்விடுமோ என்ற பயம். கடைசியில் பக்கத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, பெயரை மட்டும் எழுதினார்கள். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி சவக்காலை முழுக்க மெழுகுதிரி எரியும்போது அதே அம்மா மற்றவர்களின் கல்லறைக்குப் புல் பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போவா, தன் பிள்ளைக்கென்று ஒரு திரி கொளுத்தமாட்டா.

எங்கள் வழிபாட்டில் உயிரோடிருப்பவர்களுக்கு இடமிருக்கிறது, இறந்தவர்களுக்கு இடமிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு இடமில்லை. அந்த இடத்தை உண்டாக்கித் தாருங்கள் என்பதுதான் என் விண்ணப்பம்.

இது புதிதான ஒன்றல்ல. 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பிரான்சிஸ் யோசேப் அடிகளார் நின்றார், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். சரணடைந்தோரின் பெயர்களை அவர் எழுதிக்கொண்டிருந்ததாகக் கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்களோடே பஸ்ஸில் ஏறினார். அவரும் திரும்பவில்லை, எழுதிய தாளும் கிடைக்கவில்லை. உங்கள் குருத்துவச் சகோதரர் ஒருவர் கடைசியாகச் செய்ததாக எங்களுக்குத் தெரிந்த வேலை பெயர் எழுதியதுதான். அந்த வேலை பாதியில் நிற்கிறது.

அதே நாள்களில் சரத்ஜீவன் அடிகளார் சனத்தோடு இருந்து, சனத்தோடு பட்டினி கிடந்து உயிர்விட்டார். கிளி பாதர் என்று நாங்கள் கூப்பிட்ட கருணாரத்தினம் அடிகளார் 2008 ஏப்ரல் 20இல் கிளைமோர்க் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு முன் போய், மாவட்டச் செயலகமான கச்சேரியின் கணக்குகளைக் காட்டி, வன்னியில் கணக்கில் வராமல்போன 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவரை விசாரித்தார்கள், தூற்றினார்கள், அவர் கணக்கை மாற்றவில்லை. 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று ஆண்டவரிடம் போனார். அவர் கேட்ட கேள்வி இன்னும் மேசையில் கிடக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அவர் பெயரே தெரியாது. சுவாமிமாரே, இது என்னைச் சுடுகிறது.

பெயர் வாசிக்கத் தொடங்கினால் என்னென்ன தடை சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம் என்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு என்று ஒரு ஆளுநரின் பெயரைச் சொல்லித்தானே செபிக்கிறோம்? மாதாவின் பெயரும் பிலாத்துவின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் ஆண்டவர் ஒரு அதிகாரத்தின் கீழ், ஒரு இடத்தில், ஒரு நாளில் கொல்லப்பட்டவர். அதைத் திருச்சபை ஒருபோதும் மறைக்கவில்லை.

புலனாய்வாளர்கள் வருவார்கள் என்பார்கள். வருவார்கள்தான். முன்வாங்கில் இருந்து கேட்கட்டும். இந்தப் பெயர்களைக் கேட்கவேண்டியவர்களில் அவர்களும் உண்டு.

காயத்தைக் கிளறாதீர்கள், மன்னிக்கப் படிப்பியுங்கள் என்பார்கள். உயிர்த்த ஆண்டவர் காயத்தோடுதான் வந்தார், தோமையாரைக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். மன்னிப்பைப் பற்றி எங்கள் அம்மாமாருக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. "மன்னிக்கிறன் சுவாமி, ஆரை எண்டு சொல்லுங்கோ" என்று ஒரு தாய் கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? செய்தவர் இன்னும் வாயே திறக்காத நிலையில் மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவரின் கடமையாக்கிப் பிரசங்கம் வைப்பது நோகப்பண்ணுகிறது. 2019 உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்பின்பின் தென்னிலங்கையில் திருச்சபை உண்மையைக் கேட்டு எழும்பியபோது, முதலில் மன்னியுங்கள் என்று யாரும் வாயடைக்கவில்லை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோனிலும் செத்தவர்களுக்காக நாங்களும் அழுதோம். அவர்களுக்குக் கேட்கிற அதே உண்மையை எங்களுக்கும் கேளுங்கள்.

கடைசித் தடை எங்களுக்குள்ளேயே இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பட்டியல் எடுக்கும்போது இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் மட்டும் வரமாட்டார்கள். வலைஞர்மடத்தில் ஆலயத்துக்குள் ஒதுங்கியிருந்த இளம் பிள்ளைகளை இயக்கம், விடுதலைப் புலிகள், பலவந்தமாக ஏற்றிக்கொண்டு போனது. அதில் திரும்பாத பிள்ளைகளின் தாய்மார் இன்றைக்கும் வாய்திறக்கப் பயந்து, மற்றத் தாய்மாருக்கு நடுவில் தலைகுனிந்து இருக்கிறார்கள். யார் கொண்டுபோனது என்று கேட்டுவிட்டுப் பெயர் எழுதுகிற பட்டியல் திருச்சபையின் பட்டியல் ஆகாது. ஆண்டவர் முன்னால் எல்லாத் தாயும் சமம். இந்த ஒன்றில் நாங்கள் நேர்மையாக இருந்தால்தான் மற்றவர்களிடம் உண்மை கேட்கிற வாய் எங்களுக்கு இருக்கும்.

இதைச் செய்தால் யாராவது திரும்பி வருவார்களா? ஜெனீவாவில் ஏதாவது அசையுமா? எனக்கு அந்த எண்ணமில்லை. ஒரு பங்கில் பெயர் வாசித்தால் ஆட்சியில் எதுவும் மாறாது. ஆனால் அந்த அம்மா கோட்டுக்கு வெளியே எழுதிய பெயரை முழுப் பங்கும் நின்றுகொண்டு கேட்கும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். அடுத்த தேர்தலில் என்ன நடந்தாலும் அடுத்த ஞாயிறும் அது தொடரும். ஆட்சி கேட்காத பெயரைக் கடவுள் கேட்கிறார் என்று எங்கள் பிள்ளைகள் காதால் கேட்டு வளரவேண்டும். விசுவாசம் பிடித்து நிற்க இதைவிட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இப்படிச் செய்வோம். எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெயர்களை எழுதுவார்கள். பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம். விரும்பாத வீட்டை வற்புறுத்தமாட்டார்கள். சைவ அயலவர்கள் தங்கள் பிள்ளையின் பெயரையும் சேர்க்கச் சொன்னால் சேர்ப்போம், ஒருவரையும் திருப்பி அனுப்பமாட்டோம். நவம்பர் மாதத்துக்கு முன் பட்டியலைப் பங்குமனையில் தருவோம். பங்குகள் ஒவ்வொன்றும் இதைத் தொடங்க நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும், மறையாசிரியர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம். வாசிப்பது நீங்களாக இருக்கவேண்டும். பூசை முடிந்து அறிவித்தல் சொல்கிற நேரத்தில் வேண்டாம், அப்போது சனம் செருப்புத் தேடும். விசுவாசிகள் மன்றாட்டில் வாசியுங்கள். ஒரு ஞாயிறில் எல்லாவற்றையும் முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். பத்துப் பெயர் வாசியுங்கள், அடுத்த ஞாயிறு பதினோராவது பெயரிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் ஆயர்கள் இதற்கு ஒழுங்கான ஒரு செபத்தை எழுதித் தந்தால் இரண்டு மறைமாவட்டத்திலும் ஒரே மாதிரிச் சொல்லலாம். வரும்வரை பெயர் மட்டும் போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

ஆண்டவரில் அன்புடன்,
வன்னிக் கரையோரப் பங்கொன்றின் மறையாசிரியை